பகல்தான் இவர்களுக்கு இரவு



நாமெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில், தலை கனக்க, கண் எரிய வீடு திரும்புகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்களைத்தான் சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி குழந்தை ஜுரத்தில் அழுதாலே மறுநாள் நமக்குத் தலை கிறுகிறுக்கிறது. அடிக்கடி நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் பாடு எப்படியிருக்கும்!

என் ஓரகத்தி ஸ்டாஃப் நர்ஸ். மாடியில்தான் குடித்தனம். வார்டில் நடந்து நடந்து கால் வீங்கி, நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்து இடுப்பு பிடித்துக்கொண்டு வருவாள். ஆனால் படுத்தால் தூக்கம் வராது. "உடம்பு தூங்கணும்ங்குது அக்கா, மனசு இன்னும் வார்டிலேயே நிக்குது. கண்ணை மூடினா அஞ்சாம் பெட்டுக்கு டிரிப் முடிஞ்சிருக்குமோன்னு பதறுது" என்பாள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இருட்டினால் நம் உடம்பில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்கு வழி செய்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அது அடங்கிவிடும். காலை வெயிலில் வீடு திரும்புகிறவளுக்கு, 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று உடம்பே சொல்கிறது. அதனால்தான் பகல் தூக்கம் அரைகுறையாகப் போகிறது.

அவள் வார்டில் ஹெட் நர்ஸ் அம்மா ஒருவர் யோகா தெரிந்தவர். டியூட்டியை ஒப்படைத்ததும் நாலைந்து பேரை அழைத்து, டியூட்டி ரூமிலேயே பத்து நிமிஷம் செய்ய வைக்கிறார். பாயும் வேண்டாம், உடை மாற்றவும் வேண்டாம்.

முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று, கை கோத்துத் தலைக்கு மேல் உயர்த்தி, மூச்சை இழுத்தபடி குதிகாலைத் தூக்க வேண்டும். மூச்சை விட்டபடி இறங்க வேண்டும். இது தாடாசனம், ஐந்து முறை. அடுத்து, விரல் நுனியைத் தோளில் வைத்து முழங்கையால் பெரிய வட்டம், முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. பிறகு காலை அகட்டி நின்று, இடுப்பை மெள்ள வலமும் இடமும் திருப்புவது. கடைசியாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, மூச்சை விடும்போது வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்காரம். இதற்குப் பிராமரி என்று பெயர். மனதை வார்டிலிருந்து வெளியே கொண்டுவருவது இதுதான் என்கிறாள் ஓரகத்தி.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிஷம் காலைச் சுவரில் உயர்த்திப் படுக்கிறாள். கால் கனம் குறைகிறதாம். முன்பு பன்னிரண்டு மணி வரை புரண்டவள், இப்போது பத்துக்கெல்லாம் கண்ணயர்கிறாள்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமில்லை. சீனாவில் 120 நர்ஸ்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வேலை முடிந்தபின் ஆறு மாதம் யோகா செய்ய வைத்த ஆய்வு 2015-ல் வெளியானது. யோகா செய்தவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது, வேலையால் வரும் மன அழுத்தமும் குறைந்தது. நம் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகமும், வேலையிடத்திலேயே ஐந்து நிமிஷத்தில் செய்கிற 'ஒய்-பிரேக்' பயிற்சியை 2021-ல் செல்போன் செயலியாக வெளியிட்டது.

சில ஜாக்கிரதைகள்: வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மூச்சை அடக்கவே வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் அது ஆசனத்தால் மட்டும் தீருகிற விஷயமில்லை, டாக்டரிடம் போக வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டி வருவதும் ஆபத்து. பஸ்ஸோ ஆட்டோவோ மேல்.

ஆனால் சகோதரிகளே, அவள் பத்து நிமிஷம் யோகா செய்து வாங்கி வந்த தூக்கத்தை நாம் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிடலாம்! "பொம்பளைக்கு பதினொரு மணிக்கு என்ன தூக்கம்?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "ராத்திரி பூரா நீங்க தூங்கினப்போ அவ முழிச்சிருந்தா மாமி" என்றேன். மாமி அப்புறம் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு மருமகளோ மகளோ நர்ஸாக இருந்தால் இவற்றைச் செய்யுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள். மிக்ஸியை அவள் வருவதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள். அவள் செல்போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் காபிக்குப் பதில் இரண்டு இட்லியும் வெதுவெதுப்பான பாலும் கொடுங்கள். குழந்தையைச் சாயங்காலம் வரை நீங்கள் பாருங்கள்.

நாளை நம் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால், ஊசி போட வருகிற கை நன்றாகத் தூங்கி எழுந்த கையாக இருக்க வேண்டாமா?