மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், சென்னையின் ஒற்றை அறை வாடகை வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிக்கு ஒரு நைலான் கயிறு. அதில் நாலு பேர் துணி. கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தலையில் பேன்ட் கால் இடிக்கும். டிவி பார்க்கிறவர் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கதவு மேலே துண்டு, பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் யூனிஃபார்ம், கேஸ் அடுப்புக்கு மேலே சாக்ஸ் (ஆமாம், அடுப்புக்கு மேலேதான்!). காலையில் அந்த யூனிஃபார்ம் காயவில்லை என்றால் அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்தி, ஆவி பறக்கப் பறக்கப் பையனுக்கு மாட்டி அனுப்புவார்கள்.

சிரிப்பு வருகிற சமாச்சாரம்தான். ஆனால் இதை மழையின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இருக்கிறது, சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது, எல்லாம் உண்மை. அதற்காக மூன்று மாதமும் விடாமல் பெய்வதில்லை. ஒரு காற்றழுத்தத் தாழ்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெயில் வரும். சில நாள் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போகும். மொட்டை மாடியில் ஒரு கொடி இருந்தால் அந்த நான்கு மணி நேரம் தாராளம். கொடியும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. மாடிக் கதவில் ஒரு பூட்டும் இருக்கிறது. சாவி ஹவுஸ் ஓனரிடம்.

"மாடிக்கெல்லாம் யாரையும் விடுறதில்லைம்மா" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் சென்னையில் வாடகைக்கு இருந்தவர்கள் குறைவு. இந்தப் பூட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர் வேறு, பூட்டியவர் வேறு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. செலவை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டால் யாருக்கும் சிக்கனம் தோன்றாது.

அந்த விலை எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் வீட்டில் ஒரு நாள் துணி, உலர்ந்த எடையில் தோராயமாக 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் பிழிந்த பருத்தித் துணி ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆக 3 லிட்டர் தண்ணீர் காற்றில் போயாக வேண்டும். வீடு பத்துக்குப் பத்து ரூம், உயரம் பத்தடி. 1000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர் காற்று. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மொத்த அறைக்கும் சேர்த்து 650 கிராம். மழை நாளில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மிச்சம் இருக்கும் இடம் 100 கிராமுக்கு. அரை டம்ளர் தண்ணீர்! துணியில் இருப்பதோ 3 லிட்டர். அந்த அறையின் காற்று முப்பது முறை முழுசாக வெளியே போய்ப் புதுக்காற்று வந்தால்தான் ஒரு பக்கெட் துணி காயும்.

இங்கேதான் பலர் ஃபேனை நம்பி ஏமாறுகிறார்கள். சாரல் அடிக்கிறது, கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை அஞ்சில் வைத்தால், அதே ஈரக் காற்றைத்தான் அது சுற்றிச் சுற்றிக் கலக்கும். துணியை ஒட்டி நிற்கும் ஈரப் படலத்தை விலக்குவதோடு ஃபேனின் வேலை முடிந்தது. ஈரம் வீட்டை விட்டு வெளியே போக வழி வேண்டும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், ஒரு டேபிள் ஃபேன் அதைப் பார்த்து வெளிப்பக்கமாக வீசினால் இன்னும் நல்லது. துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட வேண்டும். இரண்டு கொடியில் தொங்கவேண்டியதை ஒரே கொடியில் மடித்துப் போட்டால் இரண்டு நாளானாலும் மடிப்பு காயாது.

வெளியே போகாத ஈரம் எங்கே போகும்? சுவருக்கு. தலையணைக்கு. பரணில் இருக்கும் பழைய நோட்டுப் புத்தகங்களுக்கு. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. மாசம் பிறந்தால் ஓனர் வந்து பார்த்து "சுவரெல்லாம் ஓதம் அடிக்க விட்டுட்டீங்களே, பெயின்ட் செலவு அட்வான்ஸ்ல பிடிப்பேன்" என்பார். ஓதத்துக்குக் காரணமே அவர் இடுப்பில் தொங்கும் சாவிதான் என்று அவரிடம் யார் சொல்வது? கிளாஸ்கோவில் மெக்கின்டாஷ் கட்டிடக்கலைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக் காற்றில் உள்ள ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே காயப்போடும் துணியால் வரக்கூடும் என்று கண்டார்கள். அது குளிர் நாடு, அங்கே ஹீட்டர் மேலே துணி காயப்போடுவார்கள், கதையே வேறுதான். ஆனாலும் பூஞ்சைக்கு ஊர் வித்தியாசம் தெரியாது. ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ள வீட்டில் இது விளையாட்டும் இல்லை.

அந்த வாடை இருக்கிறதே, மழைக்காலத் துணியில் வரும் முடைநாற்றம், அதற்கும் ஒரு ஆள் பொறுப்பு. ஜப்பானில் ஆராய்ந்து 2012-இல் எழுதியிருக்கிறார்கள்: மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. துணி ஈரமாக இருக்கும் நேரம் நீள நீள இது பெருகும். காய்ந்த பிறகும் எளிதில் சாகாது. அதனால்தான் காய்ந்தபோது நன்றாக இருந்த துண்டு, முகம் துடைத்ததும் மறுபடி நாறுகிறது. வாசனைத் திரவத்தை இன்னொரு மூடி ஊற்றினால் மல்லிகைப்பூவும் முடைநாற்றமும் சேர்ந்து அடிக்கும், அவ்வளவுதான். துணி தாங்கும் என்றால் சூடான தண்ணீரில் ஊறவைப்பது கேட்கும். எல்லாவற்றையும் விட சீக்கிரம் காயவைப்பது.

"டிரையர் வாங்கிக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்மூரில் டிரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பக்கத்தில் இருக்கும் சுற்றும் தொட்டி. அது தண்ணீரை உதறும், காயவைக்காது. (உதறுவதும் பெரிய உதவிதான், பாதித் தண்ணீர் அங்கேயே போய்விடும்.) வெளிநாட்டுப் படங்களில் வரும், சூடாக்கிச் சுழற்றும் மெஷின் வேறு. அதை வைக்க இந்த வீடுகளில் இடம் கிடையாது, இருந்தாலும் கரன்ட் பில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எப்படிப் பார்த்தாலும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சக்தி வேண்டும். 3 லிட்டருக்கு 2 யூனிட். தினமும் துவைத்தால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தருவது 100 யூனிட். அதாவது ஒரு கொடிக்கயிறு மூலமாகச் சூரியன் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கத்தை விடப் பெரிய மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது! சப்-மீட்டர் போட்டு ஓனர் சொன்னதுதான் யூனிட் ரேட் என்றிருக்கும் போர்ஷன்களில் அந்த இலவசமும் குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதில்லை. கொடியும் இல்லை என்றால் இரண்டு பக்கமும் அடி.

ஓனர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேலே இருக்கிறது. கைப்பிடிச் சுவர் குட்டை, குழந்தைகள் ஏறினால் ஆபத்து. ஒரு போர்ஷன்காரர் கயிற்றில் இன்னொருவர் போட்டுவிட்டால் அன்று சாயங்காலம் வரை சண்டை. ராத்திரியில் நாலு பசங்கள் போய் உட்கார்ந்து பாட்டில் திறந்த அனுபவமும் பலருக்கு உண்டு. சரி, ராத்திரி பூட்டட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு நனைந்த துணியோடு ஏறி வருகிறவரிடம் என்ன ஆபத்து? தொட்டிக்குத் தனியாக ஒரு மூடி, ஒரு பூட்டு போட்டால் முடிந்தது. குட்டைச் சுவர் என்றால் அதை உயர்த்துவது ஓனர் வேலை. பல வீடுகளில் உண்மைக் காரணம் வேறு: "மாடி நம்முது" என்ற எண்ணம். அதற்கு மருந்தில்லை.

சொந்த ஃபிளாட் வாங்கியவர்கள் கதை இதைவிட வேடிக்கை. அறுபது லட்சம் கடன் வாங்கி வீடு வாங்குவார்கள். அசோசியேஷன் ஒரு சர்க்குலர் அனுப்பும், ரோட்டைப் பார்த்த பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, கட்டிடத்தின் அழகு கெடுகிறதாம். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் பொதுப் பகுதிகள் எவை என்று சொல்லும்போது மொட்டை மாடியையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் அங்கே போனால் சோலார் ஹீட்டர், டிஷ், செடித்தொட்டி, ஒரு பூட்டு. அழகு என்பது துணி துவைக்காதவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அழகு போலிருக்கிறது.

இதையெல்லாம் விட மோசமாக மாட்டிக்கொள்வது பெண்களின் துணி. மழையோ வெயிலோ, வருஷம் முழுக்க. உள்ளாடைகளை வெளிக் கொடியில் போடுவதற்கே ஒரு துண்டை மேலே போர்த்துகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மாதவிடாய்த் துணியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் கதவுக்குப் பின்னால், வேறு துணிக்கு உள்ளே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துணி பயன்படுத்துகிறார்கள். நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள் என்று சுகாதாரப் பணியாளர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்த வெயிலில்? மாடி ஓனருடையது, பால்கனி அசோசியேஷனுடையது, பாக்கி இருப்பது கட்டிலுக்கு அடி. துணி காயவைப்பதை "பொம்பளைங்க வேலை" என்று தள்ளிவைத்ததால்தான் வீட்டுப் பிளான் போடும்போது யாருக்கும் இது ஞாபகம் வருவதில்லை. கார் நிறுத்த எத்தனை அடி என்று தெரிந்த எஞ்சினியருக்கு நாலு பேர் துணி காயப்போட எத்தனை அடி கயிறு வேண்டும் என்று தெரியாது.

தெரிந்த ஊர்களும் இருக்கின்றன. சிங்கப்பூரின் பழைய அரசு அடுக்குமாடிகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பு செருகக் குழாய் வைத்தே கட்டினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், கொடி கட்டக் கூடாது என்று குடியிருப்புகள் போட்டிருந்த தடைகளை 2008-இல் செல்லாததாக்கியது. கரன்ட் மிச்சமாகும் என்பதுதான் காரணம். அங்கே வெயில் நம்மைப்போல வருஷம் முழுக்கக் காய்வதுகூட இல்லை! தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் பகல் நேர மொட்டை மாடியையும் சேர்த்தால் அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை காலை ஏழு மணிக்குத் திறந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுவது, போர்ஷனுக்கு ஒரு கயிறு என்று பெயின்ட்டில் நம்பர் போட்டுவிடுவது, மூலையில் நாலு ஜி.ஐ. பைப் நட்டு மேலே ஒரு ஷீட் போடுவது, இவ்வளவு செய்தால் தூறலிலும் காயும். ஷீட் செலவை வாடகைக்காரர்கள் பங்கு போட்டுக் கொடுத்தாலும் ஒரு மழைக்கால அயர்ன் செலவை விடப் பெரிதாக இருக்காது.

வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்படி, யூனிட் எவ்வளவு, பைக் எங்கே நிறுத்துவது என்று மூன்று கேள்வி கேட்கிறார்கள். நாலாவதாக மாடிச் சாவியைக் கேட்டு, அட்வான்ஸ் கொடுக்குமுன் அக்ரிமென்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், பள்ளிக்கூட லீவு பார்த்துச் சித்திரை, வைகாசியில்தான் பெரும்பாலும் வீடு மாறுகிறார்கள். அப்போது பாத்ரூமுக்குள் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் துணி காய்ந்துவிடும்.