தறப்பாள் வாடிக்குக் காற்று வழி



கடலுக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிட்டதென நினைக்கிறோம். அவர்கள் கரையில் படுத்துறங்கும் வாடியும் ஒரு வீடுதான். அதைச் சீராக்க நம் கையும் வேண்டும்.

சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் என் தம்பியும் மருமகனும் குச்சவெளிப் பக்கம் வாடி போட்டிருந்தார்கள். ஓரிரவு வாடைக் காற்றோடு சாரல். நான்கு பக்கமும் தறப்பாளை இறக்கிக் கட்டி, குளிருக்குக் கரிச்சட்டியையும் உள்ளே வைத்துப் படுத்துவிட்டார்கள். நடுச்சாமத்தில் தம்பிக்குக் கடும் தலையிடி; எழுந்தால் கால் தள்ளாடுகிறது. மருமகனைத் தட்டினால் எழும்பவில்லை. வெளியே மணலுக்கு இழுத்துப் போட்ட பிறகே கண் திறந்தான். ஆஸ்பத்திரியில் வைத்துத் தேறினான், அல்ஹம்துலில்லாஹ்.

காரணம் என்ன? கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துவிடலாம். அந்தக்காலக் கிடுகு வாடியில் ஓலை இடுக்கால் காற்று வந்து போகும். தறப்பாள் மழையைத் தடுக்கும்; காற்றையும் தடுத்துவிடும். கனடாவில் உறைந்த ஏரியின்மேல் கூடாரம் போட்டு மீன்பிடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

இனி நாம் செய்யக்கூடியவை:

1. தறப்பாளின் உச்சியில், கூரை முகட்டுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெட்டுங்கள். எதிர்ப்பக்கம் தரையோரமாக இன்னொன்று. இரண்டிலும் பழைய நுளம்பு வலையைத் தைத்து, மேலே சாரல் படாதபடி ஒரு மடிப்புத் தொங்கவிடுங்கள். மழையென்றாலும் இவற்றை அடைக்கக் கூடாது.

2. ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே பழைய வலைக்கயிற்றை வைத்து நைலோன் நூலால் தையுங்கள். கண் கிழிந்த மூலையில் வழுவழுப்பான சிறு கல்லை வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் காற்றுக்கு நழுவாது.

3. மணலில் முளை நிற்காது. யூரியாப் பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, இரண்டு முழ ஆழத்தில் கிடையாகப் புதைக்கச் சொல்லுங்கள். கூரைக்கு மேல் பழைய வலையைப் போர்த்து அக்கயிறுகளில் இழுத்துக் கட்டலாம்.

4. தறப்பாளுக்கு மேல் கிடுகு வேய்ந்தால் பகல் வெக்கை குறையும். தறப்பாளும் வெயிலில் இற்றுப்போகாது. விளக்கு, அடுப்பு அருகில் வேண்டாம்.

5. வாசல் காற்றுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வாடைக்கு ஒரு பக்கம், கச்சானுக்கு மறுபக்கம் என்று இரு பக்கமும் திறக்கும்படி தைத்துக்கொண்டால் காலத்துக்கேற்ப மாற்றலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். காற்று வழி வைத்தாயிற்றே என்று கரிச்சட்டியையோ ஜெனரேட்டரையோ உள்ளே வைக்கக் கூடாது. ஜெனரேட்டர் 20 அடிக்கு அப்பால், புகை வாடிப் பக்கம் வராத திசையில் இருக்க வேண்டும். குளிருக்குக் கம்பளியே போதும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல் வந்தால் உடனே வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் எந்தத் தையலும் உதவாது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நம் திருகோணமலைக் கரையில்தான் ஏறியது. அப்படியான நாளில் வாடி போனால் போகட்டும், ஆட்கள் வீடு வந்து சேரட்டும்.

இந்தமுறை தம்பியின் தறப்பாளை நானே தைத்தேன். மடித்துக் கொடுத்தபோது, முதலில் மேலேயிருந்த காற்று வழியைத்தான் விரித்துப் பார்த்தான்.