ஹாஸ்டல் கிச்சன்: ஒண்ணரை ஸ்பூன் பால்ல ஒரு பர்த்டே!

ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒருத்தர் இருப்பார். "பர்த்டே எப்போ மச்சி?"ன்னு கேட்டா, "அது செமஸ்டர் லீவ்ல வரும்டா"ன்னு நழுவிடுவார். லீவ்லயும் வராது, ஒண்ணும் வராது. பத்துப் பேருக்கு கேக், பஃப்ஸ், கூல்டிரிங்ஸ்னு ட்ரீட் வைக்கக் கையில காசு இருக்காது. அதை வெளிய சொல்லவும் மனசு வராது. அவ்ளோதான் மேட்டர்!

அந்த நண்பருக்காகத்தான் இந்த வார ஐட்டம். ஐசிங் வெச்ச கேக்தான் காஸ்ட்லி. எந்த அலங்காரமும் இல்லாத ப்ளெயின் டீ கேக் விலை கம்மி. அதுல அரை கிலோ வாங்கிட்டு வாங்க, ஐசிங்கை நாமளே போட்டுடலாம். அவன் பர்த்டேக்கு அவனே எதுக்குங்க செலவு பண்ணணும்? நாம கொண்டாடுவோம்!

தேவை ரொம்ப சிம்பிள். சர்க்கரை 150 கிராம், சோளமாவு ஒண்ணரை டீஸ்பூன், காய்ச்சி ஆறவெச்ச பால் ஒண்ணரை டேபிள்ஸ்பூன். மெஸ் அண்ணன்கிட்ட நைஸா பேசி மிக்ஸியை வாங்குங்க. ஈரம் துளிகூட இல்லாத ஜார்ல சர்க்கரையையும் சோளமாவையும் போட்டு மாவா அரைங்க. உடனே மூடியைத் திறந்தா முகமெல்லாம் பவுடர்! ரெண்டு நிமிஷம் விட்டுத் திறங்க. அப்புறம் டீ வடிகட்டியில சலிங்க. இதைச் சோம்பேறித்தனத்துல விட்டுட்டா ஐசிங் நறநறன்னு இருக்கும்.

இப்போ பாலை மொத்தமா கொட்டாம, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்குங்க. 'இது பத்தவே பத்தாது'ன்னு தோணும். நம்பாதீங்க! அறை வெப்பத்துல 1 கிராம் தண்ணி, கிட்டத்தட்ட 2 கிராம் சர்க்கரையைக் கரைச்சுடும். அதாவது, அவசரப்பட்டு ஒரு டேபிள்ஸ்பூன் பால் கூட விட்டா, 30 கிராம் சர்க்கரை வரைக்கும் காலி. ஐசிங் கஞ்சியாயிடும். கரையாம நிக்கிற சர்க்கரைதான் ஐசிங்குக்கு அந்த வெள்ளை நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருது. தப்பித்தவறி நீர்த்துப் போச்சா? இன்னும் கொஞ்சம் சர்க்கரைப் பொடி சேருங்க, சரியாயிடும்.

பதம் பார்க்க ஒரு ஐடியா. ஸ்பூன்ல எடுத்து மேலயிருந்து விடுங்க. விழுந்த கோடு சுமார் பத்து செகண்ட் அப்படியே நின்னு, அப்புறம் கரைஞ்சு மட்டமாச்சுன்னா பர்ஃபெக்ட். கேக் சூடா இருக்கவே கூடாது. நடுவுல ஊத்தி, ஸ்பூன் முதுகால ஓரம் வரைக்கும் தள்ளிவிடுங்க. ஃபேனுக்கு அடியில வெச்சா ஈரம் காய்ஞ்சு மேல மெல்லிசா ஒரு ஓடு கட்டும்.

திகட்டுதா? பாலுக்குப் பதிலா எலுமிச்சைச் சாறு. கலர் வேணுமா? பால்ல நாலு சொட்டு பீட்ரூட் சாறு. சாக்லேட் பார்ட்டிகள், ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரைச் சேர்த்துச் சலிச்சுக்கோங்க. அதுக்குப் பால் கொஞ்சம் கூடவே இழுக்கும்.

"பேக்கரி மாதிரி பூ வேணும் பாஸ்"ங்கிறவங்களுக்கு பட்டர் க்ரீம் இருக்கு. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரைப் பொடி 200 கிராம். பஞ்சு மாதிரி ஆகுற வரைக்கும் அடிக்கணும். ஊர்ல அம்மா கடைஞ்ச வெண்ணெய்னா தண்ணியைச் சுத்தமா வடிச்சுடுங்க. ஆனா ஒரு சிக்கல். வெண்ணெய் 32லிருந்து 35 டிகிரிக்குள்ள உருகிடும். மே மாச மதுரை ஹாஸ்டல் ரூம்ல பூ எல்லாம் வழிஞ்சு குளமாயிடும்!

வெயில்ல க்ரீம் உருகாம நிக்கவும் செலவு குறையவும் வெண்ணெய்க்குப் பதிலா வனஸ்பதி சேர்க்கிற வழக்கம் உண்டு. அதுல இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது. அதனாலதான் எண்ணெய், கொழுப்பு வகைகள்ல அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2022 ஜனவரியில இந்தியாவுல விதி வந்துச்சு. நாமளே செய்யும்போது உள்ள என்ன போகுதுன்னு நமக்கே தெரியும். அந்த நிம்மதி எக்ஸ்ட்ரா!

கடைசியா ஒரு கண்டிஷன். இது சாப்பிடுறதுக்கு, முகத்துல அப்புறதுக்கு இல்ல. அதுவும் எலுமிச்சை ஐசிங் கண்ணுல பட்டா, பர்த்டே பேபி நிஜமாவே அழுதுடும்! பால் சேர்த்ததை நாள் கணக்குல வெளியில வைக்காதீங்க. அன்னிக்கே பங்கு போட்டு முடிச்சுடுங்க.

சரி, உங்க கிளாஸ்ல 'லீவ்ல வரும்'னு சொன்னவர் யாரு? அட்டெண்டன்ஸ் எடுக்கிற கிளாஸ் ரெப்பைக் கேட்டுப் பாருங்க, தேதி கிடைச்சுடும்!