பனி மலையும் பணப் பையும்

அரையாண்டு விடுமுறையில் பனிச்சறுக்குக்குப் போகவேண்டுமென்று என் புதல்வன் பிடிவாதம் செய்கிறான். உபாத்தியாயரின் பணப்பை இடங்கொடுக்குமா? வைகுண்ட ஏகாதசியை விட்டு ஸ்ரீரங்கத்தைத் தாண்டலாகாது என்பது என் அன்னையின் கட்சி.

கர்வாலிலுள்ள ஆலியில் செலவு குறைவு. ஆனால் அங்கே பனி நன்கு படிவது ஜனவரி, பிப்ரவரியில். நமது விடுமுறையோ ஜனவரித் தொடக்கத்திலேயே முடிகிறது! காச்மீரத்துக் குல்மார்க்கில் ரோப் கார் சுமார் 13,000 அடி வரை ஏறுகிறது. உயரம் அதிகமாதலால் பனிக்கும் நம்பிக்கை அதிகம், செலவும் அதிகம். எனினும், மலிவென்று சென்று பனியைக் காணாமல் திரும்புவதைவிட நஷ்டம் வேறுண்டோ?

ஆகவே இவ்வருஷம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளே போதும். மிச்சப்படும் பணம் குல்மார்க்குக்கு. சறுக்குப் பலகையும் பூட்ஸும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும்.

பையன் சம்மதித்தான், உண்டியலை மட்டும் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டான்.