'நலிந்த' பிறகுதான் நிதியா? கிராமியக் கலைஞர்களுக்கான அரசு உதவியில் விடுபட்ட 35 ஆண்டுகள்

ஜனவரி வந்தால் போதும், நம்ம போன் முழுக்கப் பறையும் ஒயிலாட்டமும்தான். பொங்கலை ஒட்டி 'சென்னை சங்கமம்', மாதக் கடைசியில் பத்ம விருதுப் பட்டியல். 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை பத்ரப்பன், 2025இல் பறைக்காக மதுரை வேலு ஆசான், தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் என நாட்டுப்புறக் கலைஞர்கள் பத்மஸ்ரீ பட்டியலில் வந்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். பிப்ரவரியில் ஃபீட் வேறு பக்கம் போய்விட்டது.

பத்ம விருதோடு பணம் எதுவும் வராது என்பது பலருக்குத் தெரியாது. பதக்கமும் சான்றிதழும் மட்டும்தான். சரி, விருது வாங்கியவர்களை விடுங்கள். கிராமத்தில் 35 வயதில் இருக்கும் ஒரு கூத்துக் கலைஞர், இந்த வருடம் அந்தத் தொழிலை விட்டுவிடாமல் இருக்க, அரசிடமிருந்து என்ன பெற முடியும்?

பதில் தேடினால் திட்டங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவற்றை வயது வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது.

முதலில், இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது?

வட மாவட்டங்களில் தெருக்கூத்துக்கு சீசன் என்றால் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம் அது. திருநெல்வேலிப் பக்கம் கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் கோயில் கொடைகளை நம்பி இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் அச்சாரம் கொடுக்க மாட்டார்கள். சில மாத வருமானத்தை வைத்து முழு வருடத்தையும் ஓட்ட வேண்டும்.

வரும் பணமும் ஒருவருக்கு வருவதில்லை. கூத்தில் ஒரு ஜமா என்றால் ஆடுபவர்கள், பின்பாட்டு, ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை என ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். வேன் வாடகை, அரிதாரம், சாப்பாடு போக மிச்சம்தான் பங்கு. சீசன் இல்லாத மாதங்களில் விவசாயக் கூலி, கட்டட வேலை, பெயின்டிங். இது நிரந்தரமாகிவிட்டால் கலை பகுதி நேர வேலையாகி, பிறகு நின்றே போகும். 2020லும் 2021லும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது இரண்டு சீசன்கள் அடுத்தடுத்துப் போயின. இந்தக் குடும்பங்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு வருட வருமானம்.

இன்னொரு சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மாநில அரசு நினைத்தால் வருடத்துக்கு அதிகபட்சம் 15 நாள்கள், அதுவும் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். தெருக்கூத்தோ விடிய விடிய ஆடப்படுவது. இரவில் தொடங்கி விடியலில் முடியும் கதையை இந்த நேரக் கணக்குக்குள் எப்படி அடக்குவது?

மாநில அரசு என்ன தருகிறது?

சிம்பிளாகச் சொன்னால் மூன்று வகை.

ஒன்று, மாத உதவித்தொகை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூலம் 'நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு' மாதம் 3,000 ரூபாய் தரப்படுகிறது. ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 2025-26இல் 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதாவது இந்த உதவித்தொகை ஏறக்குறைய 9 நாள் கூலி.

இரண்டு, இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்க ஒரு முறை தரப்படும் 10,000 ரூபாய். ஆண்டுக்கு 500 பேருக்கு, மொத்தம் 50 லட்சம். மாநிலத்தின் 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு சுமார் 13 பேர். தனி ஆளுக்கு ஒரு பறையோ சலங்கையோ வாங்க இது உதவும். ஒரு ஜமா நல்ல ஹார்மோனியம் வாங்கப் போனால் அதிலேயே பெரும் பகுதி கரைந்துவிடும்.

மூன்று, 2007இல் தொடங்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரணம், ஈமச்சடங்கு உதவி போன்றவை இதில் வருகின்றன. தொழிலாளர் நல வாரியங்களின் அதே மாடல்.

இந்த மூன்றில் கலை வேலைக்கு என்று நேரடியாக வருவது இரண்டாவது மட்டும்தான். மற்ற இரண்டும் சமூகப் பாதுகாப்பு. அவை அவசியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு புதுக் கூத்து எழுத, இரண்டு மாதம் ஒத்திகை பார்க்க, பத்துப் பையன்களுக்கு அடவு சொல்லித்தர என்று கேட்டால், அதற்கான படிவம் இந்தப் பட்டியலில் இல்லை.

மத்திய அரசுத் திட்டங்கள்?

இங்கே தொகை கொஞ்சம் பெரிது, நிபந்தனைகளும் பெரிது.

• 18 முதல் 25 வயது வரை: இளம் கலைஞர் உதவித்தொகை. மாதம் 5,000 ரூபாய், 2 ஆண்டுகள். நாடு முழுக்க 400 பேர் வரை. குறைந்தது 5 ஆண்டு பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

• 25 முதல் 40 வரை: ஜூனியர் ஃபெல்லோஷிப். மாதம் 10,000 ரூபாய், 2 ஆண்டுகள்.

• 40 வயதுக்கு மேல்: சீனியர் ஃபெல்லோஷிப். மாதம் 20,000 ரூபாய், 2 ஆண்டுகள். ஜூனியர், சீனியர் சேர்த்து ஆண்டுக்கு 400 பேர் வரை.

• குழுக்களுக்கு: குரு-சிஷ்ய பரம்பரை நிதி. குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 ரூபாய் வரை.

• 60 வயதுக்கு மேல்: மூத்த கலைஞர் நிதியுதவி. மாதம் 6,000 ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

இதைப் பார்த்தால் எல்லா வயதுக்கும் ஏதோ ஒன்று இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் நடுவில் இருக்கும் ஃபெல்லோஷிப் ஆய்வு நோக்கத்துக்கானது. ஆய்வுத் திட்டம் எழுதி, அதை நிபுணர் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரிப் பேராசிரியருக்கு அது பழகிய வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மகாபாரதம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் கூத்து வாத்தியாருக்கு?

ஆக, நடைமுறையில் 25 வயதில் ஒரு கதவு மூடுகிறது, அடுத்த கதவு 60இல்தான் திறக்கிறது. நடுவில் 35 ஆண்டுகள். ஒருவர் நன்றாக ஆடுவதும், குழு நடத்துவதும், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தருவதும் அந்த 35 ஆண்டுகளில்தான். தொழிலை விட்டுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவதும் அதே ஆண்டுகளில்தான்.

'நான் கலைஞர்'னு எப்படி நிரூபிப்பது?

குரு-சிஷ்ய நிதி இந்த ஓட்டையை அடைக்கக்கூடிய திட்டம். ஆனால் தனி ஆளாக அதை வாங்க முடியாது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுசெய்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் 'தர்பண்' இணையதளத்திலும் பதிவு வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். வழிகாட்டு நெறிமுறைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான்.

கிராமத்து ஜமாவோ வாத்தியாரின் பேரிலும் வாய்ச்சொல்லிலும் நடப்பது. வெற்றிலை பாக்கில் பணம் வைத்து அச்சாரம் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. ரசீது கிடையாது, நோட்டீஸில் பெயர் வந்தால் அதுவே பெரிய ஆவணம். இவர்களிடம் கலை இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. பேப்பர் இல்லை என்பதுதான் பிரச்சினை. இதன் விளைவு எளிமையானது: நிதி எழுதத் தெரிந்த, ஆடிட்டர் வைத்திருக்கிற நகர அமைப்புகள் முன்னால் நிற்கும்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. கலை பண்பாட்டுத் துறைக்குக் காஞ்சிபுரம், சேலம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, கோவை, திருநெல்வேலி என 7 மண்டலங்கள். நீலகிரியின் மலைக்கிராமத்தில் இருக்கும் ஓர் இருளர் இசைக் குழுவுக்கு மண்டல அலுவலகம் கோவையில். ஒரு கையெழுத்துக்காக மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு.

பயிற்சியிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 உள்ளன. அங்கே குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்றுத்தரப்படுகின்றன. பறையும் கூத்தும் அந்த வரிசையில் இல்லை. சமீப ஆண்டுகளில் நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதி நேரப் பயிற்சி மையங்கள் தொடங்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். ஆனால் முழு நேரம், பகுதி நேரம் என்ற அந்த வித்தியாசமே ஒரு கதை சொல்கிறது.

மற்ற இடங்களில் எப்படி?

ரொம்ப தூரம் போக வேண்டாம். கேரளா, மாநிலம் உருவானதன் வைர விழாவை ஒட்டி இளம் கலைஞர்களுக்கு ஒரு ஃபெல்லோஷிப் கொண்டுவந்தது. 1,000 கலைஞர்கள், தொடக்கத்தில் மாதம் 10,000 ரூபாய். அதில் ஒரு பங்கை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. பதிலுக்கு அந்தக் கலைஞர்கள் உள்ளூர் மக்களுக்கு இலவசமாகக் கலையைச் சொல்லித்தர வேண்டும். கலைஞருக்கு மாத வருமானம், ஊருக்கு வாத்தியார். ஒரே பணத்தில் இரண்டு வேலை.

அயர்லாந்து 2022இல் இன்னும் நேரடியாகப் போனது. 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, 3 ஆண்டுகளுக்கு. தகுதியான விண்ணப்பதாரர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வு. 'யார் பெரிய கலைஞர்' என்று அரசு தீர்மானிக்கும் சிக்கலே வராதபடி வைத்தார்கள்.

பேப்பர் பிரச்சினைக்கு ஆஸ்திரேலியாவிடம் ஒரு பதில் இருக்கிறது. பாலைவனத்தில் பெருநகரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளில், அந்தச் சமூகங்களே நடத்தும் 'ஆர்ட் சென்டர்'கள் உண்டு. அரசு நிதி அந்த மையத்துக்குப் போகிறது. கணக்கு, விற்பனை, விண்ணப்பம் எல்லாவற்றையும் மையம் பார்த்துக்கொள்கிறது, கலைஞர் வரைகிறார். ஆனால் இதுவும் மந்திரக்கோல் இல்லை. அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையத்தின் 2022 அறிக்கைப்படி, இந்த மையங்கள் வழியாக விற்ற கலைஞர்களின் சராசரி வருமானம் 2019-20இல் ஆண்டுக்கு சுமார் 2,700 டாலர்தான். மையம் இருந்தால் கலை நிற்கும். வாழ்க்கைச் செலவுக்கு அது மட்டும் போதாது.

அரசு ஏற்கெனவே வாய்ப்பு கொடுக்கிறதே?

கொடுக்கிறது. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம் நல்ல உதாரணம். ஆனால் அது வருடத்தில் சில நாள்கள்.

மற்றபடி அரசு நாட்டுப்புறக் கலைஞர்களை அதிகம் கூப்பிடுவது விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு. டெங்கு, எய்ட்ஸ், வாக்களிப்பது நம் கடமை. 1954இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பாடல் நாடகப் பிரிவு காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. சம்பளம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே கரகமும் பறையும் கூட்டம் சேர்க்கும் கருவி. விஷயம் அரசுடையது.

என்ன செய்யலாம்?

புதிய துறையோ பெரிய பட்ஜெட்டோ முதல் தேவை இல்லை. ஒரு சின்னக் கணக்கு: 500 நடுவயதுக் கலைஞர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 6 கோடி. கேரளா போல அவர்களை ஊராட்சியோடும் அரசுப் பள்ளியோடும் இணைத்தால், அதே பணத்தில் 500 ஊர்களில் வகுப்பு நடக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் விண்ணப்பம் எழுதித்தரவும், ஜமாக்களைப் பதிவுசெய்து கொடுக்கவும் ஓர் ஊழியர் இருந்தால், டெல்லியில் இருக்கும் குரு-சிஷ்ய நிதியும் கிராமத்துக்கு வரும். கோயில் திருவிழாக் கூத்துக்கு நேர அனுமதியில் தெளிவான விதி வேண்டும்.

உங்கள் ஊரில் தெரிந்த கலைஞர் யாராவது இருந்தால், நல வாரிய அட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். இல்லையென்றால் மண்டலக் கலை பண்பாட்டு அலுவலகத்தில் விசாரித்து, படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். நமக்கு அரை மணி நேர வேலை, அவர்களுக்கு வருடக்கணக்கில் தள்ளிப்போன வேலை.

'நலிந்த கலைஞர்' என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஒருவர் நலியும் வரை காத்திருந்து உதவும் திட்டம் அந்தக் கலைஞரின் முதுமையைக் கொஞ்சம் தாங்கும். அதற்குள் அவருடைய ஜமா கலைந்திருக்கும், சொல்லித்தர ஆள் இருந்தும் கற்றுக்கொள்ள ஆள் ஊரில் இருக்க மாட்டார். நிதி 35 வயதில் வந்தால்தான் 60 வயதில் அந்தக் கலைஞர் நலிந்தவராக இருக்க வேண்டிய அவசியம் இருக்காது.