போர்மற் அடிக்க முதல் மூன்று கேள்வி

"விண்டோஸ் பழுதாப் போச்சுது தம்பி. போர்மற் அடிச்சால்தான் சரிவரும்."

மானிப்பாயில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு குறைவு. நெற் வரேல்லை எண்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனால், மேசையில வச்சுத் திறந்து ரெண்டு நிமிசம் பார்ப்பினம். பிறகு இதுதான் தீர்ப்பு. காய்ச்சலோ தலையிடியோ எதுவெண்டாலும் உடனே வயித்தைக் கிழிக்க வேணும் எண்டு ஒரு வைத்தியர் சொன்னால் நாங்கள் விடுவமா? கணினி விசயத்தில மட்டும் "ஓம் அண்ணை, செய்யுங்கோ" எண்டு காசைக் குடுத்திட்டு வாறம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். கொழும்பில் வேலை செய்த அக்கா தன்ர பழைய மடிக்கணினியை உயர்தரம் எழுதிய தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டா. பல்கலைக்கழகத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கிற காலம். வைஃபை இணைந்திருக்கு என்று கணினி காட்டுது, ஆனால் ஒரு பக்கமும் திறக்குதில்லை. அதே வைஃபையில் அம்மாவின்ர ஃபோனில் வட்ஸ்அப் நல்லா ஓடுது. கடையில போர்மற் அடிச்சார்கள். நெற் வந்தது, விண்ணப்பமும் போனது. அப்பப்பாவின் கடைசிக் காலத்துப் படங்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. அவை திரும்பி வரேல்லை.

பிறகு அக்காவிடம் கேட்டபோது அவ சொன்னது: "ஒஃபிசில ஐ.ரி. ஆக்கள் நெற்வேர்க் செற்றிங்கில ஒரு நம்பர் அடிச்சு விட்டவை." காரியம் இவ்வளவுதான். அந்த நம்பர் அந்த அலுவலகத்தின்ர டி.என்.எஸ். சேர்வர். அந்தக் கட்டடத்துக்குள்ள மட்டும்தான் அது பதில் சொல்லும். மானிப்பாயில் இருந்துகொண்டு அந்தக் கணினி ஒவ்வொரு தடவையும் கொழும்பில் பூட்டியிருக்கிற ஒரு கதவைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கு. "தானாகப் பெறு" என்ற தெரிவை அமத்தியிருந்தால் அரை நிமிச வேலை.

போர்மற் அடிச்சால் இந்தப் பிழை சரிவரும் என்பதுதான் இதில் பெரிய கெடுதல். எல்லாத்தையும் அழிக்கும்போது பிழையான நம்பரும் சேர்ந்து அழியுது. கடைக்காரர் சொன்னது சரி மாதிரியே முடியுது. என்ன பழுது எண்டு அவரும் அறியேல்லை, நாங்களும் அறியேல்லை. அடுத்த மாதம் அடுத்த வீட்டில் அதே கதை.

டி.என்.எஸ். என்பது மந்திரம் இல்லை. கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் கண்டுபிடிக்கின்றன, நாங்கள் பெயர்களை நினைவு வைத்திருக்கிறோம். தொடக்க காலத்தில் உலகத்து வலையமைப்புக் கணினிகள் எல்லாவற்றின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஆளாளுக்கு அதைப் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் இன்றைய முறையை வடிவமைத்தார். எங்கட கணினி, பெயரைக் கொடுத்து ஒரு 'றிசோல்வரிடம்' எண் கேட்கிறது. அந்த றிசோல்வர் தேவைப்பட்டால் மூலச் சேர்வர்களில் தொடங்கி, பிறகு .எல்கே மாதிரியான ஆள்களங்களின் சேர்வர்களிடம், படிப்படியாக விசாரித்து வந்து சொல்கிறது. எந்த றிசோல்வரைக் கேட்க வேண்டும் என்பதை வழமையாக வீட்டு ரவுட்டர்தான் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும். யாரும் கையால் வேறொன்றை எழுதி வைத்திருந்தால் கணினி அதைத்தான் கேட்கும். எங்கட வீடுகளில் பிழை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் போர்மற் என்ற சொல் வாயில் வர முதல் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது: அதே வைஃபையில் வேறொரு ஃபோனோ கணினியோ வேலை செய்யுதா? ஃபோனில் மொபைல் டேற்றாவை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ. அது வேலை செய்தால் இணைப்பில் பிழை இல்லை, இந்தக் கணினியில்தான் பிழை. ஒன்றும் வேலை செய்யாவிட்டால் ரவுட்டரையோ இணைப்பைத் தருகிறவர்களையோ பார்க்க வேண்டும். கணினியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை.

இரண்டாவது: எண்ணுக்குப் போகுதா, பெயருக்குப் போகேல்லையா? கட்டளைத் திரையில் 'பிங்' என்று அடித்து 8.8.8.8 என்று கொடுங்கோ. பதில் வந்தால் நெற் இருக்கு. அடுத்ததாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கோ. எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் டி.என்.எஸ். பிழை. விண்டோஸில் ஒரு பழுதும் இல்லை.

மூன்றாவது: யாரைக் கேட்குது? 'என்.எஸ்.லுக்கப்' என்ற கட்டளையோடு தளத்தின் பெயரை அடித்தால், எந்தச் சேர்வரைக் கேட்கிறது என்று முதல் வரியிலேயே காட்டும். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்தால் கூகிளின் சேர்வரைக் கேட்கும். அங்கே பதில் வந்து முதலாவதில் வராவிட்டால் குற்றவாளி பிடிபட்டான். வலையமைப்பு அமைப்பில் ஐ.பி.யையும் டி.என்.எஸ்.ஸையும் 'தானாகப் பெறு' என்று மாற்றி, 'ஐ.பி.கொன்ஃபிக்' கட்டளையோடு 'ஃப்ளஷ்டி.என்.எஸ்.' கொடுத்துப் பழைய நினைவை அழித்துவிட்டுத் திரும்பப் பாருங்கோ. ஒரு தளம் மட்டும் அடம்பிடித்தால் 'ஹோஸ்ற்ஸ்' என்ற கோப்பில் யாரும் ஏதும் எழுதி வைத்திருக்கினமா என்று பாருங்கோ.

"உதெல்லாம் எதுக்கு? பேசாமல் 8.8.8.8ஐப் போட்டுவிடு" எண்டு இன்னொரு கூட்டம் சொல்லும். போர்மற் வைத்தியத்தின் தம்பிதான் இது. சோதிக்க அந்த எண் நல்லது. நிரந்தரமாகப் போடுவதென்றால், உங்கட வீட்டில் யார் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் அந்தக் கேள்வி அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் போகும் என்று தெரிந்துகொண்டு போடுங்கோ. இப்போது அது போவது இணைப்பைத் தருகிற நிறுவனத்திடம். யாரை நம்புவது என்பது உங்கட முடிவு. முடிவு எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கட வாதம்.

போர்மற்றால் தீராத பழுதும் இருக்கு. டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற தீநிரல் உலகம் முழுக்க 40 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, திருடர்களின் சேர்வர்களைக் கேட்க வைத்தது. கடவுச்சொல் மாற்றாத ரவுட்டர்களுக்குள்ளும் அது புகுந்தது. 2011 நவம்பரில் அந்தக் கும்பல் பிடிபட்டது. ரவுட்டருக்குள் பிழையான எண் இருந்தால் கணினியைப் பத்துத் தரம் போர்மற் அடித்தாலும், ரவுட்டர் திரும்பத் திரும்ப அதே எண்ணைத்தான் கொடுக்கும்.

இது வீட்டுக் கணினியோடு முடியிற விசயமும் இல்லை. 2007 யூனில் இந்த நாட்டு இணைய நிறுவனங்கள் தமிழ்நெற் தளத்தைத் தடுத்தன. 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி .எல்கே பதிவகம் தாக்கப்பட்டு, கூகிளின் இலங்கை முகவரி உட்படச் சில தளங்களுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். துருக்கியில் 2014இல் ட்விட்டரைத் தடுத்தபோது, சனம் 8.8.8.8 என்று சுவர்களில் எழுதியது. அரசு பெயரை மட்டும் மறைத்திருக்கு என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. எண்ணையே தடுத்தபோது அந்த வழி பயன்படாது என்பதும் விளங்கியது. எங்களுக்கோ எல்லாமே "நெற் இல்லை" தான். பழுதா, பிழையான அமைப்பா, தடையா என்று பிரித்தறியாத சனத்திடம் என்ன காரணத்தையும் சொல்லித் தப்பலாம்.

கடைக்காரரை மட்டும் திட்ட நாங்கள் வரேல்லை. வரிசையில் பத்துக் கணினி நிற்கும், வாறவரும் "கெதியாத் தாங்கோ" எண்டுதான் நிற்பார். பழுதைத் தேடுகிற நேரத்துக்கு ஒருவரும் காசு குடுக்கிறேல்லை, போர்மற்றுக்குக் குடுக்கிறம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் டி.என்.எஸ். வருகுது. ஆனால் புள்ளி வருவது வரைவிலக்கணத்துக்கு. அதில் 'ஏ' எடுத்த பிள்ளையும் தன்ர வீட்டில் நெற் நின்றால் கடைக்குத்தான் போகுது.

இது நடப்பது எந்த ஊரில்? 1848இல் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊர். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் மதம் பரப்பவும்தான் வந்தவர், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எங்கட மொழியில் விளங்கிக்கொண்டுதான் கத்தியைத் தொட வேண்டும் என்று அவர் நினைத்தார். அவர் பெயரிலான ஆஸ்பத்திரி இன்றும் இங்கே இருக்கு. அந்த ஊரில், ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுத ஏன் எங்களால் ஏலாது?

எங்கட கோரிக்கை பெரிசில்லை. திருத்துகிறவர்கள் பற்றுச்சீட்டில் "போர்மற்" என்று எழுத முதல், என்ன பழுது என்று ஒரு வரி எழுதட்டும். தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் போர்மற்றுக்குக் கொடுக்கிற காசை நாங்கள் கொடுப்போம். ஆசிரியர்கள் ஒருநாள் ஆய்வுகூடக் கணினியில் வேண்டுமென்றே பிழையான டி.என்.எஸ். எண்ணை அடித்து வைத்து, "கண்டுபிடியுங்கோ" என்று பிள்ளைகளிடம் விடட்டும். நீங்கள் மேலே உள்ள மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கோ. நெற் நின்ற பிறகு இந்தப் பக்கத்தைத் திறக்க ஏலாது.