அப்பாவின் படங்கள் ஷார்ட்கட் ஆகிவிட்டன!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவிநாசியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். இந்தப் பகுதிக்காக வரும் அழைப்புகளில் பாதி, 'போன் ரொம்ப ஸ்லோவா இருக்கு' ரகம். இது அப்படி இல்லை. எடுத்த எடுப்பில், "ஏனுங்க, பென் டிரைவ்ல இருக்கற ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டுன்னு காட்டுதுங்க. தொறந்தா ஒண்ணையுங் காணோமுங்க. ஃபார்மேட் பண்ணுனா சரியாயிரும்னு பையன் சொல்றானுங்க. பண்ணட்டுங்களா?" என்றார்.

"வேண்டவே வேண்டாம்மா. முதல்ல அதைக் கழற்றி ஓரமா வைங்க" என்றேன்.

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அப்பா தை மாதம் தவறிவிட்டார். அதற்கு முந்தைய சித்திரைத் தேருக்கு அப்பாவோடு போய் எடுத்த படங்கள், கொள்ளுப் பேத்தியின் காதுகுத்து, அப்பா பேசிய சில வீடியோக்கள் எல்லாம் அவர் போனில்தான் இருந்தன. இடமில்லை, இடமில்லை என்று போன் நச்சரித்துக்கொண்டே இருக்க, ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு 'மாற்றி' வாங்கியிருக்கிறார். கடைக்காரர் செய்தது காப்பி அல்ல, கட். ஆக, போன் காலி. மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டும் என்று அதே பென் டிரைவை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் செருகினால் இந்தக் கோலம்.

"முதலை முழுங்குன புள்ளையவே திருப்பி வாங்குன ஊருங்க எங்களுது. இத வாங்க முடியாதுங்களா?" என்று கேட்டார். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல்.

அவிநாசிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. குளத்தில் முதலை விழுங்கிய சிறுவனை, வருடங்கள் கழித்து வந்த சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்தார் என்பது தலபுராணம். அதுவும் அந்த வருடங்களுக்கான வளர்ச்சியோடு பையன் வெளியே வந்தானாம்! எனக்குப் பதிகம் பாடத் தெரியாது. ஆனால், இந்த 'ஷார்ட்கட் வைரஸ்' என்ற முதலையின் குணம் தெரியும். இது பெரும்பாலும் எதையும் விழுங்குவதில்லை. ஒளித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஃபோல்டர்களை 'ஹிடன்' ஆக்கிவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட் ஒன்றை வெளியே வைக்கும். நாம் அதை டபுள் கிளிக் செய்ததும் வைரஸ் லேப்டாப்புக்குள் இறங்கிவிடும். அடுத்து அந்த லேப்டாப்பில் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் இதே கதை. ஜெராக்ஸ் கடை, கம்பெனி ஆபீஸ், பிரிண்டிங் யூனிட் என்று ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் நாலு கம்ப்யூட்டர் ஏறி இறங்கும் ஊர்களில் இது சளி மாதிரி பரவும்.

அவர் ஏற்கெனவே ஷார்ட்கட்டைத் திறந்து பார்த்துவிட்டார். அதனால் முதல் வைத்தியம் பென் டிரைவுக்கு அல்ல, லேப்டாப்புக்கு. விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய், 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுக்கச் சொன்னேன். லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் ஆகலாம். அதன்பின் பென் டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல், அதன் மீது ரைட் கிளிக் செய்து அதையும் ஸ்கேன் செய்தோம்.

அடுத்தது, ஒளிந்திருப்பதை வெளியே வரவழைப்பது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் சில சமயம் அதுவே போதும். அப்படியும் தெரியாவிட்டால், 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுக்க வேண்டும். எடுத்ததும் பெயரே இல்லாத ஒரு மங்கலான ஃபோல்டர் தெரிந்தது. உள்ளே அப்பா!

படங்களையும் வீடியோக்களையும் மட்டும் லேப்டாப்புக்கு காப்பி செய்துவிட்டு, பென் டிரைவை அதற்குப் பிறகு ஃபார்மேட் செய்தோம். பையன் சொன்னது தப்பில்லை, வரிசைதான் தப்பு. வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் வந்ததா என்றால், இல்லை. மூன்று வீடியோக்கள் ஓடவில்லை. அது வைரஸின் வேலை அல்ல, 'கட்' செய்த வேலை என்பது என் கணிப்பு. மாற்றும்போது பாதியில் கேபிள் அசைந்தால் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் முழுதாகப் போகாமல் ஃபைல் கெட்டுப்போகும். காப்பி செய்திருந்தால் ஒரிஜினல் போனிலேயே இருந்திருக்கும்.

ஒளித்து வைக்கும் வைரஸ்தான் எப்போதும் வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் நினைவிருக்கிறதா? காதல் கடிதம் என்று ஈமெயிலில் வந்தது. ஆர்வத்தில் திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் எம்பி3 பாட்டுகளை ஒளித்து மட்டும் வைத்தது. ஜேபெக் படங்களையோ தன் நிரலால் மேலெழுதி அழித்துவிட்டது. பாட்டு பிழைத்தது, படம் போனது. வேறு இடத்தில் இன்னொரு காப்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே படங்கள் மிஞ்சின. இன்றைய 'ரான்சம்வேர்' இன்னும் மோசம். படங்களைப் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும்.

சரி, போனிலிருந்து லேப்டாப்புக்கு ஒழுங்காக மாற்றுவது எப்படி?

நடுவில் பென் டிரைவே வேண்டாம். போனோடு வந்த கேபிள் போதும். கேபிளில் செருகியதும் ஆண்ட்ராய்டு போன் சார்ஜ் மட்டும்தான் ஏறும். நோட்டிஃபிகேஷனை இழுத்து, 'சார்ஜிங்' என்று இருப்பதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். மாற்றியும் லேப்டாப்பில் போன் தெரியவில்லையா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டாவுக்கான கம்பியே இருக்காது.

லேப்டாப்பில் 'திஸ் பிசி' திறந்து, போனின் பெயர், 'இன்டர்னல் ஸ்டோரேஜ்', 'டிசிஐஎம்', 'கேமரா' என்று போங்கள். நீங்கள் எடுத்த படங்கள் அங்கே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவை அங்கே இருக்காது. அவற்றுக்கு இன்டர்னல் ஸ்டோரேஜில் 'ஆண்ட்ராய்டு', 'மீடியா' வழியாக வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் போக வேண்டும். பலர் கேமரா ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டுப் போனை ரீசெட் செய்து, உறவுக்காரர்கள் அனுப்பிய கல்யாணப் படங்களைக் கோட்டை விடுகிறார்கள். 'டவுன்லோட்' ஃபோல்டரை அப்படியே அள்ளி வராதீர்கள். வில்லங்கம் இருந்தால் அங்கேதான் இருக்கும். ஐபோன் என்றால், கேபிளில் செருகியதும் போனில் 'ட்ரஸ்ட்' கொடுத்துவிட்டு, விண்டோஸின் 'போட்டோஸ்' ஆப்பில் 'இம்போர்ட்' செய்யலாம்.

மூவாயிரம் படங்களையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள், நடுவில் நின்றுவிடும். ஐந்நூறு ஐந்நூறாகக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். அங்கங்கே பத்துப் படங்களையும், எல்லா வீடியோக்களையும் திறந்து பாருங்கள். போனில் அழிப்பது அதற்கும் பிறகு, இன்னொரு இடத்திலும் காப்பி வைத்த பிறகுதான்.

அந்த இன்னொரு இடம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் நல்லது. ஆனால், காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், ரான்சம்வேர் லேப்டாப்போடு அதையும் சேர்த்துப் பூட்டும். கூகுள் போட்டோஸும் நல்ல வழிதான். 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள், ஜிமெயிலோடு சேர்த்துத் தரப்படும் 15 ஜிபி இலவச இடத்தைத்தான் சாப்பிடுகின்றன. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கூகுளில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று அந்த ஆப்பில் டெலிட் செய்தால் போன், கூகுள் இரண்டிலும் போய்விடும். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத்தான் தொட வேண்டும். தவறி டெலிட் செய்துவிட்டால் உடனே 'டிராஷ்' பாருங்கள். பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும்.

வாசகியின் வீட்டு லேப்டாப் படம் பார்க்க மட்டும் வாங்கியது அல்ல. வீட்டுக்காரர் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார். பில், ஜிஎஸ்டி, கம்பெனி மெயில் எல்லாம் அதில்தான். ஆன்டி வைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று அவர் கேட்டார். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸில் இருப்பதே போதும் என்பது என் அபிப்பிராயம். அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. லேப்டாப் தாங்கும் என்றால் 11-க்கு மாறிவிடுங்கள்.

காசு மிச்சம் என்று கிராக் செய்த போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரை ஏற்றாதீர்கள். ரான்சம்வேர் விரும்பி வரும் வாசல் அது. ஏற்கெனவே பூட்டிவிட்டதா? பணம் கட்ட அவசரப்படாதீர்கள். 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய தளம் அது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஃபைலின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ஏபிகே என்பது ஆப். தெரியாமல் இன்ஸ்டால் செய்து பணம் போயிருந்தால், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஓடாத அந்த மூன்று வீடியோக்களில் ஒன்றில், தேர் நிலைக்கு வந்ததும் அப்பா அரை நிமிடம் பேசுகிறாராம். அதை அன்றைக்கே கோபியில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஞாபகம் வந்து, போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அக்கா அழிக்காமல் வைத்திருந்தார். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பியதால் படம் கொஞ்சம் மங்கல். "கொரலு அப்படியே இருக்குதுங்க" என்றார்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். ஒன்று அவிநாசியில். இன்னொன்று போன வாரம் பஸ் ஏறி, கோபியில் அக்கா வீட்டு பீரோவுக்குப் போய்விட்டது.